இதழும் குரலும்: பெங்களூரில் ஒலிபரப்பு, இலக்கிய உரையாடல், வலையொலி – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

இலக்கிய இதழ் என்பது கண்ணால் படிக்கத்தக்க பொருள் என்னும் எண்ணம் 20ஆம் நூற்றாண்டு முழுவதும் ஐயத்திற்கு இடமின்றி நிலவியது. 21ஆம் நூற்றாண்டின் முதற் கால்பகுதியில் இந்நிலை மாறியது. நியூயார்க்கில் 1925 முதல் வெளிவரும் 'நியூயார்க்கர்', லண்டனில் 1979இல் தொடங்கப்பெற்ற 'லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்' போன்ற இதழ்கள், நூல், அரசியல், பண்பாடு ஆகியவை பற்றிய தம் உரையாடல்களை ஒலிப்பதிவுகளாகவும் வெளியிடலாயின. தமிழில் 2009இல் தொடங்கிய 'சொல்வனம்' இணைய இதழும் தான் வெளியிட்ட படைப்புகளைக் குரலில் பதிந்து அளித்தது. இவ்வடிவம் ஆங்கிலத்தில் பாட்காஸ்ட் எனவும் தமிழில் வலையொலி எனவும் வழங்குகிறது.

இம்மாற்றத்தைத் தொழில்நுட்ப வளர்ச்சியின் ஒரு கூறாக மட்டும் காண்பது பொதுவழக்கு. மொழியியல் நோக்கில் இதனினும் அடிப்படையான வினா ஒன்று எழுகிறது. எழுத்தில் பிறந்த இதழ் பேசத் தொடங்கும்போது எந்த மொழியில், அம்மொழியின் எந்த வகையில், யாருக்காகப் பேசுகிறது என்பதே அவ்வினா. இதற்கு விடை காணப் பெங்களூர் நகரம் தகுந்த களமாகும். இந்திய ஒலிபரப்பிற்குப் பெயர் தந்த நிலையம் பின்னர் வந்து சேர்ந்த இடம் அது. கன்னடத்திலும் தமிழிலும் குறிப்பிடத்தக்க இதழ்கள் தோன்றிய இடம். ஒலிபரப்பில் எந்த மொழிக்கு இடம் என்னும் வினா தெருவில் உயிர்ப்பலியாக முடிந்த இடமும் அதுவே. இவற்றின் வழியே இதழுக்கும் குரலுக்கும் இடையிலான உறவின் வரலாற்றை ஆராய்ந்து, தமிழுக்கு அதனால் விளையும் பயனையும் பொறுப்பையும் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. குரலிலிருந்து ஏட்டிற்கு

இதழும் ஒலிபரப்பும் முதன்முதலில் இணைந்தபோது இயக்கம் குரலிலிருந்து ஏட்டை நோக்கியதாக இருந்தது. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பிபிசி 1929 சனவரி 16இல் 'தி லிஸனர்' என்னும் வார இதழைத் தொடங்கியது. வானொலியில் நிகழ்ந்த உரைகளை அச்சிட்டு நிலைபெறச் செய்வது அதன் முதன்மை நோக்கம். நூல் மதிப்புரையும் கவிதையும் கலைத்திறனாய்வும் அதில் இடம்பெற்றன. 1991 சனவரியில் அது நின்றது. இந்தியாவில் 1927இல் தொடங்கிய 'இந்தியன் ரேடியோ டைம்ஸ்' என்னும் இதழ் 1935இல் 'தி இந்தியன் லிஸனர்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. தமிழில் அகில இந்திய வானொலி 'வானொலி' என்னும் பெயரிலேயே ஓர் இதழை நடத்தியது. நிகழ்ச்சி நிரலோடு தேர்ந்த உரைகளையும் அது வெளியிட்டு வந்து, பின்னர் நின்றுபோனது.

இவ்விதழ்களில் அச்சேறிய உரைகள் உண்மையில் பேச்சு அல்ல என்பதைக் கருத்திற் கொள்ளவேண்டும். உரையாளர் முன்கூட்டியே எழுதி, நிலையத்தாரின் ஒப்புதல் பெற்று, அதனை ஒலிவாங்கியின் முன் வாசித்தார். எழுத்தாகப் பிறந்து, குரலாகச் சிறிது நேரம் ஒலித்து, மீண்டும் எழுத்தாகவே முடிந்தது அவ்வுரை. இடையில் நின்ற குரல் எழுத்தின் சாயலிலேயே அமைந்தது. பிபிசியின் உரைப்பிரிவிற்கு முதல் இயக்குநராக 1927 முதல் 1932 வரை பணியாற்றிய ஹில்டா மாத்திசன் இக்குறையை உணர்ந்தவர். வானொலியில் கேட்பவர் கூட்டமாக அமர்ந்தவர் அல்லர், தம் வீட்டில் தனித்திருப்பவர் என்பதை மனத்திற்கொண்டு மேடைநடையை விடுத்து உரையாடல் நடையை அவர் வற்புறுத்தினார். தமிழில் இக்கலையை முறைப்படி எழுதிய முன்னோடி, இலங்கையைச் சேர்ந்தவரும் பிபிசி தமிழோசையில் பணியாற்றியவருமான சோ. சிவபாதசுந்தரம் ஆவார். அவரது 'ஒலிபரப்புக் கலை' 1950களில் வெளிவந்தது.

குரலை அச்சிடுவதற்கு மாறாக, ஓர் இதழையே குரலில் நடத்திப் பார்க்கும் முயற்சியும் அக்காலத்திலேயே நிகழ்ந்தது. அது இந்தியாவை நோக்கியதாகவே அமைந்தது என்பது இவ்வரலாற்றில் சிறப்பிடம் பெறத்தக்க செய்தி. 1941 முதல் 1943 வரை பிபிசியின் கீழ்த்திசைப் பிரிவில் பணியாற்றிய ஜார்ஜ் ஆர்வெல், 'வாய்ஸ்' என்னும் பெயரில் அச்சிடப்படாத இலக்கிய இதழ் ஒன்றை ஒலிபரப்பினார். அதன் முதல் 'இதழ்' 1942 ஆகஸ்டு 11இல் ஒலித்தது. முல்க் ராஜ் ஆனந்த், வில்லியம் எம்ப்சன், டி. எஸ். எலியட் முதலியோர் அம்முயற்சியில் பங்கேற்றனர். இந்திய மாணவர்களே அதன் எதிர்பார்க்கப்பட்ட நேயர்கள். இவ்வனுபவத்தை ஆர்வெல் பின்னர் 1945இல் ஒரு கட்டுரையாகவும் எழுதினார்.

இரண்டு செய்திகள் இங்கு உற்றுநோக்கத்தக்கவை. ஒன்று, அவ்விதழின் மொழி ஆங்கிலம். ஆங்கிலம் கற்ற சிறு வட்டத்தை மட்டுமே அது எட்டக்கூடியது. மற்றொன்று, அம்முதல் ஒலிபரப்பிற்கு இரண்டு நாள்களுக்கு முன்புதான், ஆகஸ்டு 9இல், 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின் தலைவர்கள் இந்தியாவில் சிறைப்படுத்தப்பட்டனர். கேட்போர் நாட்டின் தலையாய அரசியல் நிகழ்ச்சியைத் தடையின்றி விவாதிக்கும் உரிமை போர்க்காலத் தணிக்கைக்கு உட்பட்ட அந்நிலையத்திற்கு இல்லை. குரல்வடிவ இலக்கிய இதழ் பிறந்தபோதே மொழி, அரசியல் ஆகிய இரண்டு எல்லைகளோடு பிறந்தது எனலாம். பின்னைய வரலாறு இவ்விரு எல்லைகளும் படிப்படியாகத் தளர்ந்த வரலாறே.

3. மைசூரிலிருந்து பெங்களூருக்கு

சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924இல் ஒலிபரப்பைத் தொடங்கித் தமிழ்நாட்டில் வழிகாட்டியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 சூன் 16இலும் திருச்சி நிலையம் 1939 மே 16இலும் தோன்றின. இவற்றிற்கு முன்பே, மைசூர் அரசில் தனியார் முயற்சி ஒன்று நிகழ்ந்தது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935 செப்டம்பர் 10இல் தம் இல்லத்திலிருந்தே ஒலிபரப்பைத் தொடங்கினார். அந்நிலையத்தின் பெயர் 'ஆகாசவாணி'. அரசுத்துறை நிறுவனம் ஒன்றின் பெயராக இன்று அறியப்படும் இச்சொல், பேராசிரியர் ஒருவரின் வீட்டு நிலையத்திற்குரிய பெயராக வழக்கிற்கு வந்தது.

அந்நிலையம் பின்னர் மைசூர் அரசின் பொறுப்பிற்கும், விடுதலைக்குப் பின் நடுவணரசின் பொறுப்பிற்கும் வந்தது. 1955 நவம்பரில் பெங்களூர் வானொலி நிலையம் தொடங்கப்பெற்றபோது மைசூர் நிலையத்தின் பணி அங்கு மாற்றப்பட்டது. 1950களின் பிற்பாதியில் 'ஆகாசவாணி' இந்தியா முழுமைக்கும் உரிய பெயராயிற்று. தமிழகத்தில் அதற்கு இணையாக 'வானொலி' என்னும் சொல்லே மக்கள் வழக்கில் வேரூன்றியது. 2023 மே மாதத்தில் 'ஆல் இந்தியா ரேடியோ' என்னும் பெயரை விடுத்து 'ஆகாசவாணி' என்பதையே வழங்கவேண்டும் என ஆணை பிறந்தபோது தமிழகத்திலிருந்து மறுப்புக் குரல் எழுந்தது. இரு சொற்களும் வானிலிருந்து வரும் ஒலி என்னும் ஒரே பொருளின. வேறுபாடு எந்த மொழியின் சொல் என்பதில் மட்டுமே. ஒலிபரப்பில் பெயரும்கூட மொழியுரிமை பற்றிய வினாவாக அமையும் என்பதற்கு இது சான்று.

எழுத்தாளர்களை வானொலிப் பணியில் அமர்த்தும் மரபு விடுதலைக்குப் பின் வலுப்பெற்றது. தமிழில் தி. ஜானகிராமன், அகிலன் முதலியோர் வானொலியில் பணிபுரிந்தனர். இலக்கியத்தைச் செவிக்குக் கொண்டுசேர்த்ததில் அரசு வானொலியின் பங்கு பெரிது. கன்னடத்தில் கவிதையைச் செவிக்குரியதாக்கும் மரபு ஒலிநாடாக் காலத்திலும் தொடர்ந்தது. கே. எஸ். நிசார் அகமதுவின் கவிதைகளைக் கொண்ட 'நித்யோத்சவ' ஒலிநாடா 1978இல் வெளிவந்து, நூலை வாங்காத வீடுகளிலும் ஒலித்தது. இலக்கியத்தின் வாசகரைவிட அதன் கேட்போர் மிகுதியாக இருக்கமுடியும் என்பதை அது காட்டியது.

4. இதழ்கள் விவாதித்தவையும் வானொலி தவிர்த்தவையும்

அரசு வானொலி இலக்கியத்திற்கு இடமளித்தது. அரசியல் விவாதத்திற்கு அவ்வளவில் இடமளிக்கவில்லை. 1960களின் இறுதியில் வகுக்கப்பட்ட வானொலி நெறிமுறை, அரசியல் கட்சியைப் பெயர் சுட்டித் தாக்குவதையும், நடுவணரசையோ மாநில அரசையோ பகைமை தோன்ற விமரிசிப்பதையும் விலக்கியது. இதனால் வானொலியில் ஒலித்த நூல் மதிப்புரை, அந்நூல் எழுப்பிய அரசியல் வினாவின் வாயிலில் நின்றுவிடுவது இயல்பாயிற்று.

இலக்கியத்தையும் அரசியலையும் பண்பாட்டையும் ஒன்றாக வைத்து ஆராயும் பணியைப் பெங்களூரில் இதழ்களே ஏற்றன. கோபாலகிருஷ்ண அடிகர் 1960களில் நடத்திய 'சாக்ஷி' கன்னட நவ்ய இலக்கியத்தின் களமாயிற்று. ஆங்கில விரிவுரையாளராக இருந்த பி. லங்கேஷ் 1980இல் தொடங்கிய 'லங்கேஷ் பத்திரிகெ' விளம்பரங்களை ஏற்காமல், கவிதையையும் கதையையும் அரசியல் விமரிசனத்தையும் ஒரே இதழில் அளித்தது. விவேக் ஷான்பாக் 2005 முதல் நடத்திய 'தேச கால' பிற்காலத்தில் இம்மரபைத் தொடர்ந்தது.

தமிழில் இப்பணியைச் செய்தது 'படிகள்' என்னும் சிற்றிதழ். 1970களின் இறுதியில் பெங்களூரில் தோன்றிய அவ்விதழில் தமிழவன் உள்ளிட்டோர் பங்கேற்றனர். தமிழ்நாட்டிற்கு வெளியே, கன்னட அறிவுலகோடு நெருங்கிய தொடர்பில் இயங்கியமையால், தமிழ் விமரிசனத்தில் அதுகாறும் மிகுதியாகப் பேசப்படாத சமூகவியல், பண்பாட்டு ஆய்வு ஆகிய நோக்குகளை அது முன்வைத்தது. 1982இல் வெளிவந்த தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' இச்சூழலின் விளைவேயாகும்.

சிற்றிதழ்களின் வாசகர் தொகை எப்போதும் சிறியது. அதில் நடந்த விவாதம் வானொலிக்குச் செல்லவில்லை. வானொலியின் பெருந்தொகைக் கேட்போர் சிற்றிதழுக்கு வரவில்லை. கருத்து ஓரிடத்திலும் குரல் வேறோரிடத்திலுமாகப் பிரிந்து நின்ற இந்நிலை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது.

5. அலைவரிசையும் மொழிப்பங்கீடும்

இப்பிரிவினைக்கு அடிப்படைக் காரணம் அலைவரிசை அளவிற்குட்பட்ட பொருளாக இருந்தமை. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் அரசிற்குத் தனியுரிமை அளித்திருந்தது. இருக்கும் நேரத்தை எந்த மொழிக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது பங்கீட்டுச் சிக்கலாக வடிவெடுத்தது. பன்மொழி நகரமாகிய பெங்களூரில் அது கொடிய விளைவைத் தந்தது. 1994 அக்டோபர் 2இல் பெங்களூர்த் தூர்தர்ஷன் நிலையம் பத்து நிமிட உருதுச் செய்தியைத் தொடங்கியது. கன்னடத்திற்குரிய மாலை நேரத்தில் அது இடம்பெற்றது என எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களில் கலவரம் மூண்டு 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒளிபரப்பும் நிறுத்தப்பட்டது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1991 டிசம்பரில், காவிரிச் சிக்கலையொட்டி இந்நகரில் தமிழர்க்கு எதிரான வன்முறை நிகழ்ந்திருந்தது. பொது ஊடகத்தில் ஒரு மொழி ஒலிப்பது, அம்மொழி பேசுவோர் நகரத்தின்மீது கொண்டாடும் உரிமையின் அடையாளமாகவே கொள்ளப்பட்டது என்பதை இந்நிகழ்ச்சிகளின் பின்னணியில் உணரலாம்.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச்சொத்து என்றும், அதன்மீது அரசு தனியுரிமை கொள்ளலாகாது என்றும் தீர்ப்பளித்தது. மறு ஆண்டில் பெங்களூரில் கூடிய ஊடகச் செயற்பாட்டாளர்கள், மக்கள் சமூகங்களுக்கே வானொலி உரிமை வேண்டும் எனக் கோரும் 'பெங்களூர் அறிக்கை'யை வெளியிட்டனர். உரிமம் கிடைக்கும்வரை காத்திராத முயற்சியும் ஒன்று உண்டு. கோலார் மாவட்டத்துப் பூதிக்கோட்டை என்னும் ஊரில் 2003இல் தொடங்கிய 'நம்ம த்வனி', வான் அலையை விடுத்துக் கம்பிவடத்தின் வழியே வீடுகளை எட்டியது. அலைவரிசை இல்லாமலும் ஒலிபரப்ப இயலும் என்பதை ஒரு சிற்றூர் மெய்ப்பித்தது.

இதற்கிடையில் 2001 சூலை 3இல் நாட்டின் முதல் தனியார் பண்பலை நிலையம் பெங்களூரில் தொடங்கியது. எனினும் தனியார் பண்பலை நிலையங்கள் தாமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப இசைவளிக்கப்படவில்லை. அவை பெரும்பாலும் திரைப்பாடலோடு நின்றன. தனியுரிமை தளர்ந்த பின்னும் நூலையும் அரசியலையும் ஒருசேர விவாதிக்கும் குரலுக்கு வானொலியில் இடம் அமையவில்லை.

6. ஏட்டிலிருந்து குரலுக்கு

பாட்காஸ்ட் என்னும் சொல்லை 2004 பிப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி என்னும் இதழாளர் 'கார்டியன்' நாளேட்டில் முதன்முதலில் கையாண்டார். ஒலிக்கோப்பு ஒன்றை இணையத்தில் வைத்து, அதனை விரும்பிக் கேட்போரின் கருவிக்கு ஒவ்வொரு புதிய பகுதியும் தானாகவே வந்துசேருமாறு செய்வதே இதன் செயல்முறை. இவ்வடிவத்தை வானொலியின் வழித்தோன்றல் எனக் கொள்வது பொதுவழக்காயினும், அமைப்பு நோக்கில் அது இதழுக்கே நெருங்கியது. வானொலிக்குச் சந்தா இல்லை, வலையொலிக்கு உண்டு. வானொலி நிகழ்ச்சி ஒலித்ததும் மறையும். வலையொலியின் பகுதிகள் இதழ்களைப் போல எண்ணிடப்பட்டு, பழைய பகுதிகளும் கிடைக்கும் வண்ணம் வரிசையாக நிற்கும். நேயர் தம் நேரத்தில், தாம் வேண்டிய பகுதியை, வேண்டியவிடத்து நிறுத்தி மீண்டும் கேட்கலாம். இலக்கிய இதழ்கள் இவ்வடிவத்தை எளிதில் ஏற்றதற்கு இவ்வொப்புமையே காரணம் எனலாம்.

பெங்களூரில் 2010களின் பிற்பாதியில் இவ்வடிவம் வேரூன்றியது. பொதுவிவகாரங்களைக் கன்னடத்தில் உரையாடும் 'தலெ-ஹரட்டெ' அவற்றுள் குறிப்பிடத்தக்கது. வெற்றுப்பேச்சு என்னும் பொருளுடைய அப்பெயர் தமிழின் 'அரட்டை' என்னும் சொல்லை நினைவூட்டுவது. ஆழ்ந்த பொருளைப் பேசும் நிகழ்ச்சிக்கு எளிய பேச்சைக் குறிக்கும் சொல்லைப் பெயராகச் சூட்டியமை, மேடைநடையை விலக்கும் மனப்பாங்கைப் புலப்படுத்துகிறது. தொம்மலூரில் அமைந்த பெங்களூர்ப் பன்னாட்டு மையம் தன் அரங்கில் நிகழும் நூல், கலை, அரசியல் உரையாடல்களை ஆங்கிலத்தில் வலையொலியாக வெளியிட்டது.

வலையொலிக்கு அலைவரிசை உரிமம் வேண்டுவதில்லை. ஒரு மொழிக்கு இடமளிக்க மற்றொரு மொழியின் நேரத்தைக் குறைக்க வேண்டுவதில்லை. அவதூறு முதலியவற்றிற்குரிய சட்டங்கள் இதற்கும் பொருந்துமாயினும், முன்னொப்புதல் இல்லை. 1942இல் காணப்பட்ட இரு எல்லைகளும் இங்குப் பெருமளவு நீங்குகின்றன. ஆயின் இவ்விடுதலைக்கு ஒரு விலை உண்டு. பொது ஒலிபரப்பில் ஒலிக்கும் மொழியை அதனை அறியாதவரும் கேட்க நேர்ந்தது. அண்டை வீட்டாரின் மொழி என்னும் உணர்வு அதனால் உண்டாகக்கூடும். வலையொலியைத் தேடுபவர் மட்டுமே கேட்கின்றனர். எவருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்ளாத குரல், எவருடைய காதிலும் தற்செயலாக விழுவதும் இல்லை. பூசல் குறைந்ததோடு பொதுமையும் குறைந்தது.

7. எந்தத் தமிழ்?

சார்லஸ் பெர்குசன் 1959இல் இரட்டைவழக்கு என்னும் கோட்பாட்டை வகுத்தபோது தமிழையும் சுட்டினார். மறு ஆண்டில் மு. சண்முகம் பிள்ளை தமிழின் எழுத்துவழக்கையும் பேச்சுவழக்கையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். எழுத்து, மேடை, செய்தி, வகுப்புரை ஆகியன உயர்வழக்கிற்கும், வீடு, தெரு, நட்பு ஆகியன பேச்சுவழக்கிற்கும் உரியன என்னும் பகுப்பு தமிழில் உறுதியாக நிலைத்தது. திராவிட இயக்கத்தின் மேடைத்தமிழ் உயர்வழக்கின் பெருமையை மக்களிடையே பரப்பியது. வானொலிச் செய்தியும் உரையும் அவ்வழக்கையே கொண்டன. நாடகமும் திரைப்படமும் மட்டுமே கற்றோர் பேச்சுவழக்கைப் பொதுச்செவிக்குக் கொணர்ந்தன.

இலக்கிய வலையொலி இப்பகுப்பின் எல்லைக்கோட்டிலேயே அமைகிறது. பொருள் உயர்வழக்கிற்குரியது, சூழல் நட்புரையாடலுக்குரியது. இதனால் இருவழக்கும் ஒரே தொடரில் கலக்கும் நிலை தோன்றுகிறது. 'பின்நவீனத்துவத்தைப் பற்றிப் பேசுகிறபோது' என எழுதுபவர், பேசுகையில் 'பின்நவீனத்துவத்தப் பத்திப் பேசறப்ப' என்கிறார். கலைச்சொல் எழுத்துவழக்கின் முழுவடிவில் நிற்க, வேற்றுமை உருபும் சொல்லுருபும் வினையும் பேச்சுவழக்கின் உருவில் வருகின்றன. நூலிலிருந்து ஒரு பகுதியை வாசிக்கையில் குரல் உயர்வழக்கிற்கு ஏறி, அதனை விளக்குகையில் பேச்சுவழக்கிற்கு இறங்குகிறது. 'என்று' என்பது 'ன்னு' ஆவதும், 'வேண்டும்' என்பது 'வேணும்' ஆவதும் இவ்விறக்கத்தின் அடையாளங்கள்.

இக்கலப்பைப் பிழையெனத் தள்ளுவது பொருந்தாது. சிந்தனைக்குரிய பொருளைப் பேச்சுத்தமிழில் நெடிது விவாதிக்கும் வழக்கம் வகுப்பறைக்கு வெளியேயும் தேநீர்க்கடையிலும் சிற்றிதழ்க் கூட்டங்களிலும் எந்நாளும் இருந்ததே. அது பதிவாகவில்லை என்பதே வேறுபாடு. தமிழ் அறிவாளர் தம்முள் எவ்வாறு பேசினர் என்பதை அறிய முந்தைய தலைமுறை பற்றிய சான்று மிக அருகியே உள்ளது. எழுதி வாசிக்கப்படாத, முன்னேற்பாடற்ற, கருத்துச் செறிந்த தமிழ்ப்பேச்சு மிகுதியாகப் பதிவாகி, எவரும் கேட்குமாறு கிடைப்பது வலையொலியின் காலத்தில்தான். பேச்சுத்தமிழுக்கும் ஒரு பொதுவடிவம் உருவாகி வருகிறதா என்னும் மொழியியல் வினாவிற்கு இது நேர்ச்சான்று தரவல்லது.

8. எழுத்தறியாத் தமிழ்ச்செவிகள்

பெங்களூர்த் தமிழரைப் பொறுத்தவரை இச்செய்தி ஆய்வுப்பொருள் என்னும் அளவில் நிற்பதன்று. 1809இல் ஆங்கிலேயர் பாளையம் அமைந்த காலந்தொட்டுத் தமிழர் இந்நகரின் கிழக்குப் பகுதியில் பெருகினர். அல்சூர் ஏரிக்கரையில் இயங்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950இல் தோன்றியது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 21 இலட்சம். மாநில மக்கள்தொகையில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு.

1981இல் கோகாக் குழு உயர்நிலைப் பள்ளிகளில் கன்னடமே முதல் மொழியாக வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதனை நிறைவேற்றக் கோரி நடிகர் ராஜ்குமார் தலைமையில் 1982இல் பெருங்கிளர்ச்சி நிகழ்ந்தது. தம் மண்ணில் தம் மொழிக்கு முதலிடம் வேண்டும் என்னும் கன்னடர் கோரிக்கையின் நியாயத்தைத் தமிழகத்தின் மொழிவரலாற்றை அறிந்தோர் மறுத்தல் அரிது. இதனோடு ஆங்கிலவழிக் கல்வியின் ஈர்ப்பும் சேரவே, பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தமிழ் பேச்சளவில் நிலைத்து எழுத்தளவில் நின்றது. பாட்டி தமிழ் இதழை வாசிக்க, பேரன் தமிழில் விடையிறுத்தாலும் அவ்விதழின் தலைப்பையும் எழுத்துக்கூட்ட இயலாத நிலை அரிதன்று.

இத்தகையோர்க்கு 'படிகள்' போன்ற ஓர் இதழ் தம் நகரிலேயே வெளிவந்தாலும் மூடிய கதவே. கேட்கும் திறன் குறைவற்ற இவர்கள், படிக்க இயலாமையால் தம் மொழியின் சிந்தனை வட்டத்திற்கு வெளியே நிற்கின்றனர். திரைப்படமும் தொலைக்காட்சித் தொடரும் மட்டுமே தமிழாக அவர்களை எட்டின. தமிழில் ஒரு நாவலை விவாதிக்கலாம், ஒரு சட்டத்தை எடைபோடலாம், ஒரு வரலாற்று நூலோடு மாறுபடலாம் என்பதை அவர்களுக்கு உணர்த்தக்கூடிய வழி குரல் ஒன்றே. வீட்டுமொழியாகச் சுருங்கிய தமிழ் அறிவுமொழியாகவும் அவர்களுக்குத் தொடருமா என்பது இதனைப் பொறுத்தது.

குரல் எளிதில் கிடைப்பின் எழுத்தைக் கற்கும் முயற்சி மேலும் தளரும் என்னும் ஐயம் எழலாம். அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் எழுத்தைக் கற்கத் தூண்டுவது எழுத்தில் உள்ள பொருளின்மீது எழும் விருப்பமே. ஒரு நூலைப் பற்றிய உரையாடலைக் கேட்டவருக்கே அந்நூலைப் படிக்கவேண்டும் என்னும் எண்ணம் தோன்றும். பொருளை அறியாதவரிடம் எழுத்தின் தேவையை வற்புறுத்துவது பயன் தருவதில்லை. எனினும், முற்றிலும் உயர்வழக்கில் அமைந்த குரல் இத்தகைய நேயர்க்கு அச்சிட்ட ஏட்டைப் போன்றே அயலாகும். பேச்சுவழக்கிற்கும் உயர்வழக்கிற்கும் இடையே ஏறியிறங்கும் குரலே, அவர்கள் அறிந்த தமிழிலிருந்து அறியாத தமிழுக்கு வழியாக அமையும்.

9. குரலைப் பேணுதல்

பெங்களூர்ப் பன்னாட்டு மையம் அமைந்துள்ள தொம்மலூரிலேயே சொக்கநாதசுவாமி கோயில் உள்ளது. அங்குள்ள இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள், இப்பகுதியில் தமிழ் எழுத்து வழங்கிய தொன்மைக்குச் சான்று. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை லூயிஸ் ரைஸ் தொகுத்து 1905இல் வெளியிட்டார். கல்லில் பொறித்த கொடைச்செய்தி பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் படிக்கக் கிடைக்கிறது. அதே தொம்மலூரில் இக்காலத்தில் பதிவாகும் உரையாடல் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைக்குமா என்பது வினாவிற்குரியது.

1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் அச்சாகும் நூலின் படி கொல்கத்தாவின் தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட பொதுநூலகங்களுக்கு அளிக்கப்படவேண்டும். 1956ஆம் ஆண்டின் திருத்தம் பருவ வெளியீடுகளையும் இதனுள் அடக்கியது. ஒலிப்பதிவு இச்சட்டத்துள் அடங்குவதன்று. ஓர் இதழின் அச்சுப்படி நூலகத்தில் இடம்பெற, அதே இதழின் குரல் வணிக நிறுவனம் ஒன்றின் சேமிப்புக் கருவியில், அந்நிறுவனத்தின் விருப்பத்திற்கு உட்பட்டு நிற்கிறது. நிறுவனம் சேவையை நிறுத்தின் குரலும் மறையும். ஒலிநாடாவைத் துடைத்து மீண்டும் பயன்படுத்திய வழக்கத்தால் உலகின் பல ஒலிபரப்பு நிலையங்களில் அரிய உரைகள் அழிந்தன. அவ்விழப்பு மீண்டும் வேறுவடிவில் நிகழக்கூடும்.

மேலும், ஒலிப்பதிவில் ஒரு சொல்லையோ பெயரையோ தேடிக் கண்டடைவது ஏட்டில் தேடுவது போன்று எளிதன்று. உரையாடல்களை எழுத்துவடிவில் பெயர்த்து உடன் வைத்தல் இன்றியமையாதது. பெயர்க்கும்போது பேச்சுவழக்கை எழுத்துவழக்காகத் திருத்திவிடின் அதன் மொழியியற் பயன் கெடும்; ஒலித்தவாறே எழுதினால் பொதுவாசகர் இடர்ப்படுவர். இருவடிவும் தேவை. மைசூரில் 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் பேச்சுத் தரவுகளைத் தொகுக்கும் பட்டறிவுடையது. பேராசிரியர் ஒருவரின் இல்லத்தில் ஒலிபரப்புத் தொடங்கிய அந்நகரிலேயே, கன்னடம், தமிழ் முதலிய மொழிகளின் இலக்கியக் குரல்களுக்குரிய காப்பகம் அமைவது பொருத்தமாகும்.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். இதழும் ஒலிபரப்பும் நீண்டகாலம் தனித்தனியே இயங்கியதற்கு அலைவரிசையின் அளவும் அரசின் தனியுரிமையும் காரணமாயின. வலையொலி இத்தடைகளை நீக்கி, இதழின் கருத்தையும் வானொலியின் குரலையும் ஒன்றுசேர்த்தது. அமைப்பில் அது வானொலியினும் இதழையே ஒத்தது. எழுதி வாசிக்கப்படாத கருத்துச் செறிந்த தமிழ்ப்பேச்சு அதனால் பரவலாகப் பதிவாகிறது. எழுத்தறியாத, ஆயினும் தமிழறிந்த புலம்பெயர் தலைமுறைக்கு அது மொழியின் அறிவுலகைத் திறக்கவல்லது. பொதுமை குன்றுதலும் பாதுகாப்பு இன்மையும் அதன் குறைகள். அவற்றுள் பின்னதைச் சட்டத்தாலும் காப்பகத்தாலும் நீக்க இயலும்.

1942இல் இந்திய மாணவர்க்கென ஒலித்த குரல் இதழ் அவர்தம் தாய்மொழியில் பேசவில்லை. பின்னர்த் தாய்மொழியில் பேசிய வானொலி, சிற்றிதழ் விவாதித்த அனைத்தையும் பேசவில்லை. சிற்றிதழோ, படிக்க அறியாதவரிடம் பேச இயலவில்லை. இம்மூன்று குறையும் நீங்கப் பேசும் வாய்ப்பு தமிழ் இலக்கிய இதழ்களுக்கு வாய்த்துள்ளது. அல்சூரிலோ சிவாஜி நகரிலோ தமிழைச் செவியால் மட்டும் அறிந்து வளரும் ஓர் இளைஞர் அவ்விதழ்களின் நேயராகக் கருதப்படுவாரா என்பதை இதழ் நடத்துவோரே முடிவு செய்யவேண்டும்.